பிடுங்கிய பல்லில் வலி

பல்லைப் பிடுங்கிய பிறகும் அதே இடம் ஒரு மாதிரி இருக்கிறது என்றார் என் வீட்டுக்காரர். இல்லாத பல் எப்படி வலிக்கும்? தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிட்டதே என்று பல் டாக்டரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். புண் ஆறும்வரை அப்படித்தான் இருக்குமாம்.

இவர் சோபா தைப்பவர். துணியை இழுத்துப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் ஆணிகளை வாயில் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். அதனால் தாடை கடுத்ததும் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆணி கடித்துக் கடித்துப் பல் ஆடிவிட்டது என்று அவரே முடிவுகட்டி, பிடுங்கியும் விட்டார்.

பட்டறை தரைத்தளத்தில், வீடு மூன்றாவது மாடியில், லிப்ட் கிடையாது. பல் போன பிறகு ஒரு நாள் மதியம் சாப்பிட ஏறிவரும்போது பாதியில் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது என்று ஏறினார், மறுபடி நின்றார். நாள் முழுக்க ஆணி கடிக்கும்போது வராத வலி படியேறினால் வருகிறது. இந்த மனுஷன் என்ன, வாயாலா படியேறுகிறார்? இது பல்வலியே இல்லை. ஆறிய சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா சின்னப் பெண். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். கை வலிக்கிறதா? இல்லை. எனக்கு வந்ததே கோபம். கட்டைவிரலில் ஆணி ஏறியபோதுகூட வலி என்று சொல்லாத ஆள் இவர்.

"இவர்கிட்ட வலின்னு கேக்காதீங்க டாக்டர். ஒரு மாதிரி இருக்கான்னு கேளுங்க" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அப்படியே கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"படியேறும்போது நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி பாரமா இருக்கும்" என்றார்.

எத்தனை நாளாக என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அங்கேயே அடித்திருப்பேன்.

ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். நெஞ்சுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, உடனே குழாய் வைத்துத் திறக்க வேண்டும் என்றார்கள். இதயத்திலிருந்து வரும் நரம்பும் தாடையிலிருந்து வரும் நரம்பும் மூளைக்குள் பக்கத்துப் பக்கத்தில் போய்ச் சேருவதால், கத்துவது இதயம் என்று தெரியாமல் மூளை தாடையைக் கைகாட்டிவிடுமாம். சிலருக்கு முதுகில் வருமாம், சிலருக்கு முழங்கையில், மேல்வயிற்றில். பாவம் அந்தப் பல், செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். வேறு யாரையோதான் கூப்பிட்டார்கள். பிழைத்துவிட்டார் என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாள்வரை எனக்கு நிம்மதி கிடையாது. முழங்கையைச் சொறிந்தால் பயம், ஏப்பம் விட்டால் பயம். மனுஷனின் உடம்பில் இனி எந்த இடத்தை நம்புவது?

மெதுவாகப் படியேறலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அவர் முன்னே, நான் துணிப்பையோடு பின்னே. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னங்க பண்ணுது? தாடையா?"

"எனக்கு ஒன்னுமில்ல. நீ வரட்டும்னுதான் நின்னேன்." என்னையே உற்றுப் பார்த்தார். "நீ ஏன் முதுகுல கைய வெச்சுக்கிட்டே ஏறுற?"

அப்போதுதான் என் கை தோளுக்குப் பின்னால் போயிருப்பது எனக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்த பிடிப்பு, பை வேறு கனம் என்றேன். அவர் பையை வாங்கிக் கீழே வைத்தார். வெறுங்கையோடு ஏறச் சொன்னார்.

ஏறினேன். அடுத்த திருப்பம் வருவதற்குள் முதுகு நடுவில் அதே அழுத்தம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"நின்னதும் போயிடுச்சுங்க" என்றேன்.