அரைச் சாண் தூரத்து முகம்

கலிரோயி அந்தக் கோடையின் பதினோராவது கடல் குளியலை முடித்துக்கொண்டு கரையேறினாள். நேராக வந்து புருஷன் பக்கத்தில் துண்டில் உட்கார்ந்தாள். அவன் கையிலிருந்த பீச் பழத்தைப் பிடுங்கிப் பாதியைத் தின்றாள். "கேஸ் சிலிண்டர் மாத்தச் சொல்லி மூணு நாளாச்சு. உனக்கெல்லாம் காது எதுக்கு?" என்று ஆரம்பித்தவள், அவன் அம்மா, அவன் தம்பி, அவன் குறட்டை என்று ஒரு சுற்று சுற்றி வந்தாள். வழக்கமாகக் குறுக்கே பேசுகிறவன் இன்று வாயே திறக்கவில்லை. திருந்திவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"அம்மா, என் பேரு சராந்தோஸ். கலமாத்தாவுல பள்ளிக்கூட வாத்தியார். விடுமுறைக்கு வந்திருக்கேன்" என்றது பக்கத்துக் குரல். "வேணும்னா நான் வந்து சிலிண்டரை மாத்தித் தர்றேன்."

நாலு குடை தள்ளி அவள் புருஷன் மனூசோஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உருண்டான். படுபாவி, ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்பது அவளுக்கு. கண்ணாடியைக் கழற்றினால் அரைச் சாணுக்கு அப்பால் எல்லாம் கரைத்த மாவு. போட்டுக்கொண்டு கடலில் இறங்கி ஏற்கெனவே இரண்டு கண்ணாடிகளை அலைக்குக் கொடுத்தாகிவிட்டது.

கிரீட் தீவின் தென்கரையில் எங்கள் ஊர் கையகல ஊர். சாயங்காலத்துக்குள் மானம் கப்பலேறிவிட்டது. அவள் ரொட்டிக்கடைக்கு வந்தவர்களெல்லாம், "கலிரோயி, நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் ரொட்டி கேட்டார்கள்.

"போதும்டா சாமி! நான் கண்ணுக்கு லேசர் பண்ணிக்கப் போறேன்" என்றாள் அவள்.

"பண்ணிக்கோடி" என்றான் மனூசோஸ். "என் குறட்டை கதை கலமாத்தா வரைக்கும் போயாச்சு. அது ஏதென்ஸுக்குப் போறதுக்குள்ள பண்ணிக்கோ."

ஹெராக்லியோன் நகரத்தில் கண் டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, இயந்திரத்தில் முகத்தை வைக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் பார்த்தார். "கருவிழி நல்ல தடிமனா இருக்கு. பவரும் ரொம்ப வருஷமா மாறல. தாராளமாப் பண்ணலாம். ஆனா ஒண்ணு, உங்களுக்கு நாப்பத்தஞ்சு வயசு. தூரம் பளிச்சுனு தெரியும்; கிட்டத்துல பார்க்க வெள்ளெழுத்துக் கண்ணாடி வேணும். இப்ப எதையும் மூக்குகிட்ட வெச்சுப் பார்க்கறீங்களே, அது போயிடும்."

"போகட்டும். மூக்குகிட்ட எனக்கு என்ன வேலை?"

"அப்படியா? கண்ணுக்குள்ள போடற இந்த லென்ஸைப் போட்டு ஒரு நாள் இருந்து பாருங்க. லேசருக்கப்புறமும் இப்படித்தான் இருக்கும். இதைப் போட்டுக்கிட்டுக் கடல்ல மட்டும் இறங்காதீங்க."

அடேயப்பா, அந்த ஒரு நாள்! மலையில் நிற்கும் ஆட்டின் கொம்பு தெரிந்தது. துறையில் படகுகளின் பெயர் தெரிந்தது. கணுக்கால் தண்ணீரில் நின்றபடி, ஐம்பது அடி தள்ளிக் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த மனூசோஸைப் பார்த்து, "மூக்கை நோண்டாதே!" என்று கத்தினாள். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமையே லேசர் என்று முடிவு செய்துவிட்டாள்.

சாயங்காலம் வாத்தியார் நொண்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கடல் பாறையில் ஒட்டிக்கிடக்கும் கறுப்பு முள்ளுருண்டைப் பிராணியை மிதித்துவிட்டாராம். எங்கள் ஊரில் அதற்கு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை; ரொட்டிக்கடைக்குத்தான் வருவார்கள். பதினேழு வயதிலிருந்து கலிரோயிதான் எடுத்துவிடுகிறாள்.

குதிகாலில் ஆலிவ் எண்ணெய் தடவி, புருவம் பிடுங்கும் இடுக்கியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். ஒன்றும் தெரியவில்லை. கிட்டே கொண்டுவந்தால் காலே மங்கியது. தள்ளிப் பிடித்தால் முள்ளைக் காணோம். குத்துமதிப்பாக ஒரு இழு இழுத்தாள்.

"ஐயோ, அது என் தோலு!" என்று அலறினார் வாத்தியார்.

மனூசோஸ் தன் அம்மாவின் வெள்ளெழுத்துக் கண்ணாடியை ஓடிப்போய் எடுத்துவந்தான். அதைப் போட்டாலும் ஏதோ கறுப்புத் தூசி மாதிரிதான் இருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, டாக்டரம்மா சொல்லித்தந்தபடி லென்ஸ் இரண்டையும் கழற்றினாள். வாத்தியாரின் குதிகாலை முகத்துக்கு நேராக இழுத்தாள்.

"வாங்கடா வாங்க, எங்கே ஒளிஞ்சிருந்தீங்க?"

ஒவ்வொரு முள்ளும், அதன் மேல் ஓடுகிற வரியும்கூடத் தெரிந்தது. பதினாலு முள். ஒன்றுகூட நடுவில் ஒடியவில்லை.

மறுநாள் காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காமல் படுத்திருந்தாள். தலையணையில் அரைச் சாண் தூரத்தில் மனூசோஸின் முகம். இடது புருவத்தில் ஒரேயொரு நரைமுடி, மூக்கோரம் சின்ன அம்மைத் தழும்பு. இருபது வருஷமாகப் பார்க்கிறாள். பார்க்கிறோம் என்றே நினைத்ததில்லை.

"லேசர் வேண்டாம்" என்றாள்.

"அந்த வாத்தியார் காலுக்காகவா?" அவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"அதுக்கும்தான். முழிச்சதும் கண்ணாடியைத் தேடாம எனக்குத் தெரியற ஒரே ஆளு நீதான்யா. லேசர் பண்ணினா ஆட்டுக் கொம்பெல்லாம் தெரியும். நீ தெரிய மாட்டே."

மனூசோஸ் எழுந்துபோய்ச் சிலிண்டரை மாற்றினான்.

"ஒரு சிவப்புத் தொப்பி வாங்கிப் போட்டுக்கோ. குளிச்சுட்டு வர்றப்ப அதை வெச்சு வந்து சேர்ந்துடுவேன்" என்று அடுப்படிக்குக் கேட்கும்படி சொன்னாள்.

வாங்கினான், வாங்கினவன் சும்மா இருந்தானா, காப்பிக்கடையில் போய்ச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பதினாறாவது குளியலை முடித்துக்கொண்டு கலிரோயி கரையேறியபோது எதிரே ஒன்றல்ல, பன்னிரண்டு சிவப்பு தெரிந்தது. கரையில் மூச்சுச் சத்தமில்லை.

"அடப் பாவிகளா!" என்றாள்.

கண்ணாடி பையில் இருந்தது. அவள் அதை எடுக்கப் போகவில்லை. முதல் சிவப்பை இரண்டு காதையும் பிடித்து முகத்துக்கு நேரே இழுத்தாள். வெள்ளைத் தாடி. பாதிரியார்!

"மன்னிச்சிடுங்க சாமி."

"பரவாயில்லம்மா, தேடு, தேடு" என்றார் அவர்.

இரண்டாவது சிவப்பு, குதிகாலில் கட்டுப் போட்டிருந்த வாத்தியார். மூன்றாவதின் இடது புருவத்தில் ஒரேயொரு நரைமுடி இருந்தது, இமையில் உப்பு ஒட்டியிருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் உதடு துடித்தது. அவள் காதை விடவில்லை.

"இதுதான் என்னுது" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, அவன் கையிலிருந்த பீச் பழத்தைப் பிடுங்கிக் கடித்தாள்.