காரோடு விட்ட மூச்சு

ஏழாம் எண் வீட்டில் இருந்த பெண் பதினோரு வருடங்களாகத் தன் கணவரின் பழைய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காருடன் சேர்ந்துதான் மூச்சு விட்டாள். அவர் இறந்த மறுநாள் தொடங்கியது அது. கார் ஓடினால் பாதி மூச்சு. நின்றால் அதற்கும் பாதி. மருத்துவர் நுரையீரலைப் படமெடுத்துப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை, காருக்கு நல்ல பெட்ரோலாகப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அவளும் காலையும் மாலையும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பாதி மூச்சில் வாழப் பழகிவிட்டால் அது பாதி என்பதே மறந்துபோகிறது. துக்கத்தின் அளவு இதுதான் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் கார் கரும்புகை கக்கியது. அவள் இருமினால் கைக்குட்டையில் கரி படிந்தது. மெக்கானிக்கான நாத்தனார் வந்து, காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, ஆக்சிஜன் சென்சார் இரண்டும் போய்விட்டன என்றாள். புகைக்குழாயில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று முகர்ந்து எஞ்சினுக்குச் சொல்லும் மூக்குகள் அவை. இறப்பதற்கு முந்தைய வாரம் கணவர் தன் கையால் மாட்டியவை. கழற்றினால் மூச்சு மொத்தமாக நின்றுவிடும் என்று பயந்தாள்; அதை நாத்தனாரிடம் சொல்லவும் செய்தாள்.

“கழட்டலைன்னா மட்டும் எத்தனை நாள் தாங்கும் அண்ணி? டார்ச்சைப் பிடிங்க.”

குழாய் சூடாக இருக்கும்போதே திருகினால்தான் மரை கெடாமல் கழலும். எஞ்சினை அணைத்த கையோடு நாத்தனார் இரண்டையும் கழற்றினாள். அதிலிருந்து நாற்பது நிமிடம் அண்ணி மூச்சே விடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச்சை ஆடாமல் பிடித்திருந்தாள்.

பழைய சென்சாரைத் துணியால் துடைத்த நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரையில் மட்டும் தடவ வேண்டிய கிரீஸ் முனைவரை அப்பியிருந்தது.

“துருப்பிடிச்சிரக் கூடாதேன்னு மூக்கையே அடைச்சு வெச்சிருக்கான் எங்கண்ணன். முதல் நாள்லேர்ந்தே இது பாதிதான் வேலை செஞ்சிருக்கும்.”

குளிர்கிறதா என்று கேட்காமலே இரண்டு போர்வை போர்த்திவிடுகிற மனிதர் அவர். பதினோரு வருடமாகத் துக்கம் என்று நினைத்திருந்தது அவருடைய ஒரு விரல் கிரீஸ். கோபம் வருமோ என்று தனக்குள் பார்த்தாள். வரவில்லை. அந்தப் பாதியாவது கொடுத்தாரே என்றிருந்தது.

பழையவை புகையின் சூட்டில்தான் விழிக்கும். புதியவற்றுக்குள்ளேயே சொந்த ஹீட்டர் உண்டு. நாத்தனார் அதற்குத் தனி ஃபியூஸ் வைத்து ஒயர் இழுத்து, மரையில் மட்டும் கிரீஸ் தொட்டு மாட்டினாள். எஞ்சின் சீராக ஓடியது. அவளுக்கு அடிவயிறு வரை மூச்சு இறங்கியது. நாத்தனார் சாவியைத் திருப்பி அணைத்தாள். மூச்சு குறையவில்லை.

“நீ மட்டும் வரலைன்னா...” என்று ஆரம்பித்தாள்.

“சோப்பு எங்க அண்ணி இருக்கு?” என்றாள் நாத்தனார், கரிபடிந்த கைகளை விரித்தபடி.

அணைந்து குளிர்ந்த பிறகும் காரின் பானெட் அவளுடைய மூச்சுக்கேற்ப மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. அன்றுமுதல் ஷெட் சன்னலை அவள் மூடுவதில்லை. மாடிப்படியை அவள் வேகமாக ஏறும் நாட்களில் அங்கே காருக்கும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.