பசிக்க நடப்பவர்களும் என் அக்காவும்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. சிபாரிசுக் கட்டுரையாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஏழு வருடமாக ஒரு பக்கம் எழுதிவந்தேன். கடலோரமாக எங்கே நடக்கலாம், எங்கே சைக்கிள் ஓட்டலாம், ஓட்டி முடித்த பசிக்கு எங்கே பிரன்ச் சாப்பிடலாம் என்று. பிரன்ச் என்பது காலைச் சாப்பாட்டை மதியம்வரை இழுத்துச் சாப்பிடுவது. அதற்கு ஞாயிற்றுக்கிழமையும் நல்ல பசியும் வேண்டும். பசி தானாக வராதவர்களுக்குத்தான் நடையும் சைக்கிளும்.

இந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் மாநகராட்சி ஒரு காரியம் செய்தது. ஞாயிறுதோறும் காலை ஆறிலிருந்து பன்னிரண்டுவரை கடற்கரைச் சாலையில் மோட்டார் வண்டிகள் போகக் கூடாது. நடப்பவர்களும் சைக்கிள்களும் மட்டும். நான் துள்ளிக் குதித்து எழுதினேன். "கலங்கரை விளக்கத்தில் தொடங்குங்கள். பசி எடுக்கும்வரை மிதியுங்கள். ஐந்தாவது கிலோமீட்டரில், துறைமுக முனையில், உங்களுக்காக முட்டை காத்திருக்கும்."

முட்டை தானாகக் காத்திருக்காது. நான் சொன்ன அந்த பிரன்ச் கடையில் முட்டை அடுப்பு என் அக்காவுடையது. ஒன்பது வருடமாக அதன் முன்னால் நிற்கிறாள். அவள் வேலைக்குப் போகும் பேருந்து அந்தச் சாலையில்தான் ஓடும். சாலையை மூடியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து நின்றுபோனது. ஏழு மணிக்கு வேலை தொடங்கும். அக்கா ஐந்து கிலோமீட்டர் நடந்து போனாள்.

[கட்டுரை எழுதியபோது எனக்கு இது தெரியாதா? தெரியும். அக்கா சொல்லியிருந்தாள். கட்டுரையில் இடமில்லை என்று விட்டுவிட்டேன். இல்லை, அதுவும் பொய். இடம் இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை.]

2

முதல் தொடக்கம்: அதிகாலைக் கடல் வெள்ளித் தகடு போல விரிந்து—

வேண்டாம். கடலை வர்ணித்து வர்ணித்துத்தான் இந்த லட்சணத்தில் வந்து நிற்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்: அவள் நடந்தாள்.

இதில் ஏதோ ஒரு சோக அழகு வந்துவிடுகிறது. அக்கா நடந்ததில் அழகு எதுவும் இல்லை. ஒரு துணிப்பையில் சமையலறைச் சட்டை, ரப்பர் அடி போட்ட செருப்பு. எதிர்காற்று அடித்தால் கூடுதலாகப் பத்து நிமிடம். போய்ச் சேர்ந்ததும் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும் என்ற நினைப்பு. அவ்வளவுதான்.

அதனால் தொடக்கம் கிடக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

பதினோராவது ஞாயிறு. நடைபாதை முழுக்கச் சைக்கிள்காரர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் கூடாரங்கள். அக்கா சாலையில் இறங்கி ஓரமாக நடந்திருக்கிறாள். பின்னாலிருந்து ஒரு சைக்கிள் வந்து இடித்தது. வலது கையை ஊன்றியபடி விழுந்தாள். ஓட்டியவர் மஞ்சள் ஹெல்மெட் போட்டிருந்தார். அவரை அப்படியே அழைக்கிறேன். இறங்கிவந்து, "பாத்து நடக்கக் கூடாதாங்க? இது சைக்கிள் போற பாதை" என்றார்.

மஞ்சள் ஹெல்மெட்டை முதலில் ஒரு ராட்சசனாக எழுதியிருந்தேன். விழுந்தவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார் என்று. அக்கா படித்துவிட்டு அந்த வரியை இடது கையால் அடித்தாள். அவர் அடிபட்டதா என்று கேட்டார், தன் தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்தார், அதையும் எழுது என்றாள். எழுதிவிட்டேன். எனக்கு அது பிடிக்கவில்லை. ராட்சசன் என்றால் கோபப்படுவது சுலபம். தண்ணீர் கொடுத்துவிட்டு, கூட வந்தவர்கள் கூப்பிட்டதும் ஏறிப் போய்விடுகிற ஒருவரை என்ன செய்வது?

3

கை மரத்திருந்ததால் அக்காவுக்கு உடனே வலி தெரியவில்லை. மீதித் தூரத்தை நடந்து கடைக்குப் போனாள். இடது கையாலேயே முட்டைகளை உடைத்து வெந்நீரில் இறக்கினாள். ஒன்பதரைக்கு மஞ்சள் ஹெல்மெட்டும் கூட்டாளிகளும் வந்து உட்கார்ந்தார்கள். சமையலறைத் திறப்பு வழியாக அக்கா அவரைப் பார்த்தாள். அவர் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. முட்டை பிரமாதம் என்று பரிமாறுபவரிடம் சொல்லியனுப்பினார்.

[இதை நான் கற்பனை செய்திருந்தால் வெட்டியிருப்பேன். ரொம்பச் சரியாகப் பொருந்துகிறது என்று. ஆனால் இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வேறெங்கே போய்ச் சாப்பிடுவார்கள்? போகச் சொன்னது நான்தானே.]

பத்து மணிக்கு மணிக்கட்டு இரண்டு மடங்காக வீங்கிவிட்டது. மேனேஜர் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார். எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. நான் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். அக்கா விழுந்தது சாலையில், கடைக்குள் இல்லை. கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். கை சரியானதும் பேசலாம் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே முட்டை அடுப்பின் முன்னால் புதிதாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு என் பத்திரிகை ஆசிரியரிடம் போனேன். பேருந்து நின்றுபோனதைப் பற்றி அதே பக்கத்தில் எழுத வேண்டும் என்றேன். அவர் கோபக்காரர் இல்லை. பொறுமையாகக் கேட்டார்.

"வருத்தமாத்தான் இருக்கும்மா. ஆனா இது சாப்பாட்டுப் பக்கம். ஞாயித்துக்கெழம காலைல எதுக்கு ஜனங்கள சங்கடப்படுத்தணும்?"

யாருடைய ஞாயிற்றுக்கிழமை என்று நான் திருப்பிக் கேட்டேன்.

கேட்கவில்லை. இங்கே கேட்டதாக எழுதிப் பார்க்கிறேன், அவ்வளவுதான். அங்கே தலையாட்டிவிட்டு வந்தேன்.

4

வீட்டுக்கு வந்து இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: அக்கா கட்டுப் போட்ட கையோடு உணவகத்துக்குப் போகிறாள். மஞ்சள் ஹெல்மெட்டின் தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கையை வைக்கிறாள். அவருக்குத் தொண்டையில் சாப்பாடு சிக்கிக்கொள்கிறது.

இரண்டு: அக்கா கடலைப் பார்த்தபடி நிற்கிறாள். கண்களில் நீர்—

அக்கா இரண்டையும் சமையல் மேடையருகே நின்றபடி படித்தாள். முதலாவதற்குச் சிரித்தாள். இரண்டாவதற்குத் தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் எங்கடி அழுதேன்?"

நான் அந்தத் தாளை எடுத்து மடித்தேன்.

"அன்னிக்கிலேர்ந்து எனக்குக் கோவம்தான். தூக்கத்துலகூட பல்லக் கடிக்கிறேனாம், உங்க மாமா சொல்றாரு. அத எழுதத் தெரியல உனக்கு. கண்ணீர்னா மட்டும் நாலு பக்கம் எழுதுவ."

5

ஆகவே அக்கா செய்ததை எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கலங்கரை விளக்கத்தடியில் பதினோரு பேர் நின்றார்கள். எல்லோரும் அந்தப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தவர்கள். பாத்திரம் கழுவும் அண்ணன், ரொட்டி சுடும் இரண்டு பேர், விடுதியில் படுக்கை மாற்றுகிற பெண்கள், ஒரு காவலாளி. அக்கா ஒரு வாரமாக இடது கையால் போன் போட்டுப் போட்டுச் சேர்த்த கூட்டம்.

அவர்கள் கோஷம் போடவில்லை. பலகை பிடிக்கவில்லை. சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே வரிசையாக, ஆளுக்கு ஆள் ஒரு கை இடைவெளி விட்டு, நடந்தார்கள். மெதுவாக நடந்தார்கள். நின்று வேலை செய்யப் போகிறவர்களுக்கு ஓடிப் போகிற அவசியம் இல்லை.

பின்னால் சைக்கிள்கள் சேர ஆரம்பித்தன. முதலில் மணி அடித்தார்கள். பிறகு வழிவிடச் சொன்னார்கள். பிறகு திட்டினார்கள். பச்சைச் சட்டை போட்ட மாநகராட்சித் தன்னார்வலர் ஒருவர் ஓடிவந்து, இப்படிப் பாதையை மறிக்கக் கூடாது என்றார். அக்கா சாலையோரம் நட்டிருந்த மாநகராட்சிப் பலகையைக் காட்டினாள். நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் என்று போட்டிருந்தது. நடப்பவர்கள்தான் முதலில்.

"நாங்க நடக்கறோம்" என்றாள்.

நான் நடைபாதையில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நோட்ட உள்ள வை. இங்க ஒரு ஆளுக்கு இடம் இருக்கு."

வைத்தேன். பன்னிரண்டாவது ஆளாகப் போய் நின்றேன். அன்று துறைமுக முனையில் ஒரு கடையும் நேரத்துக்குத் திறக்கவில்லை. வெளியே வரிசையில் நின்றவர்களின் கையில் என் பக்கத்தைக் கத்தரித்த தாள்கள் இருந்தன.

மூன்றாம் ஞாயிறு நாற்பது பேர் வந்தார்கள். நான்காம் வாரம் மாநகராட்சி இறங்கிவந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்தெரு வழியாகப் பேருந்து விடப்படும். முதல் பேருந்து எட்டு மணிக்கு.

வேலை ஏழு மணிக்கு.

"எட்டு மணிக்கு வந்து நாமளும் உக்காந்து சாப்பிடுவோம்னு நெனச்சுட்டாங்க போல" என்றார் பாத்திரம் கழுவும் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

கட்டைப் பிரித்தாகிவிட்டது. அக்காவின் மணிக்கட்டு முன்போல முழுதாகத் திரும்பவில்லை. மேனேஜர் இதுவரை கூப்பிடவில்லை. துறைமுக முனையில் அவளுக்கு இப்போது வேலையே இல்லை. ஆனாலும் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போகிறாள். நானும் போகிறேன். என் பக்கத்தை இப்போது வேறு யாரோ எழுதுகிறார்கள். நன்றாகவே எழுதுகிறார்கள்.

6

முடிவு எங்கே என்று கேட்பீர்கள். பேருந்து ஆறரைக்கு மாறியது என்றோ, அக்காவுக்கு அடுப்பு திரும்பக் கிடைத்தது என்றோ எழுத எனக்கு இரண்டு நிமிடம் போதும். எழுத மாட்டேன். படித்துவிட்டு நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போவீர்கள்.

வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிறு. நீங்கள் சைக்கிளில் வருகிறீர்கள். இடது பக்கம் கடல். நன்றாகப் பசிக்கிறது, ஒன்பதரைக்கு மேசை சொல்லிவைத்திருக்கிறீர்கள். எதிரே சாலையின் அகலம் முழுக்க, நான்கு வரிசையாக, நாற்பது முதுகுகள். கடைசி வரிசையில் இடமிருந்து மூன்றாவது என் அக்கா. அவளுக்குப் பக்கத்தில் நான். எங்களுக்கு நடுவே இருப்பது ஒரு கை இடைவெளி. அதில் ஒரு சைக்கிள் நுழையலாம். ஓர் ஆள் வந்து நிற்கவும் செய்யலாம்.

நாங்கள் திரும்பிப் பார்க்க மாட்டோம்.