தராசக்காவின் கை

பெரிய மின்சுவிட்ச் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் சரக்கைச் சோதிக்கிற பெண்ணுக்குத் தராசக்கா என்று பெயர். முனையை உள்ளங்கையில் ஒரு தடவை குலுக்கிப் பார்த்தே அசலா போலியா என்று சொல்லிவிடுவாள். முனை என்பது கட்டைவிரல் அளவுத் துண்டு. டங்ஸ்டனும் செம்பும் கலந்தது. சுவிட்ச் பிரியும்போது தாவுகிற தீப்பொறியை அதுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். செம்பு மின்சாரத்தைக் கடத்தும். டங்ஸ்டன் எந்தச் சூட்டுக்கும் அசைந்து கொடுக்காது. இரண்டும் கலந்த முனை, அதே அளவு வெறும் செம்பைவிட ஒன்றரை மடங்கு கனக்கும். அந்தக் கனம் போதும் அவளுக்கு. மெஷின் கிஷின் எல்லாம் மற்றவர்களுக்கு.

போன மாதம் முனைகள் தனியாக வரவில்லை. நீளமான செம்புத் தண்டில் பற்றவைத்து, வெள்ளி முலாம் பூசி, பளபளவென்று வந்தன. தண்டோடு தூக்கினால் கைக்கு என்ன தெரியும்? முனை செய்து அனுப்பியவன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி.

"உனக்கு வேலை மிச்சம்க்கா, நானே பத்த வச்சிட்டேன்" என்றான். பூரித்துப்போய், சரக்கு சரி என்று கையெழுத்துப் போட்டாள்.

இன்று அந்த முனைகள் வைத்த ஒரு சுவிட்ச் திரும்பி வந்துவிட்டது. இரண்டு முனையும் உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, பிரிய வேண்டிய நேரத்தில் பிரியவில்லை. ஃபிட்டர் முனைகளைக் கோணலாகப் பொருத்திவிட்டார் என்று மேலாளர் முடிவே கட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் ஃபிட்டரின் வேலை போய்விடும்.

"நூல் பிடிச்ச மாதிரி வச்சேன், தராசக்கா" என்றார் ஃபிட்டர்.

மிச்சமிருந்த தண்டு ஒன்றை எடுத்து முனையை மட்டும் அறுத்தாள். ரம்பம் தடங்கலே இல்லாமல் இறங்கியது; டங்ஸ்டன் இருந்தால் இப்படி இறங்காது. துண்டை உள்ளங்கையில் வைத்தாள். வெறும் செம்பு.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"டங்ஸ்டன் வந்து சேரலைக்கா. தேதி நெருங்கிடுச்சு. என்னதான் பண்றது?"

"தண்டோட ஏன்டா பத்த வச்சே?"

"தனியா அனுப்பினா உன் கைக்குத் தெரிஞ்சிடும்ல... கையெழுத்து உன்னுது. வாயைத் திறந்தா நீதான் மாட்டுவே. ஃபிட்டர் தலையோட போகட்டும், விடு."

அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முன்பின் தெரியாதவன் ஏமாற்றியிருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். இவன் அவள் கையின் சூட்சுமம் தெரிந்து, அந்தக் கைக்கென்றே ஒரு பொய்யைச் செய்து அனுப்பியிருக்கிறான்.

"உன்னைத் தூக்கி வளர்த்த கைடா இது" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மேலாளர் அறையில் ஃபிட்டர் தலைகுனிந்து நின்றிருந்தார். அவள் மேலாளரின் இடது கையில் பழைய அசல் முனையையும், வலது கையில் அறுத்த துண்டையும் வைத்தாள்.

"தூக்கிப் பாருங்க சார். வலது கையில இருக்கறது என் தம்பி அனுப்பினது. பாஸ் பண்ணது நான்."

மேலாளரின் இடது கை தானாகத் தாழ்ந்தது.