ஏற்றத்தில் நின்ற கார்

யசோதாவுக்கு இலக்கங்களைக் கண்டாலே தலை சுற்றும். புசல்லாவையிலிருந்து வந்து கண்டியில் இரண்டு கடைகளில் கணக்கெழுதிப் பார்த்தாள், இரண்டிலும் நிலைக்கவில்லை. அடுத்து, கட்டுகஸ்தோட்டையில் சாஹுல் ஹமீது நடத்திய சாரதிப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாள். அங்கேயும் கணக்கு வேலைதான். வரவும் செலவும் ஒரு மாதமாவது ஒத்துப்போனதில்லை.

"நல்ல புள்ளதான் நீ. ஆனா இந்த வேல ஒனக்கு சரிவராது. வேற எடம் பாரு," என்றார் முதலாளி. அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஆஸியா உம்மா பயிற்சிக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கணவருக்குப் பார்வை மங்கிவிட்டது. வீட்டில் சும்மா நிற்கும் காரைத் தானே ஓட்டி அவரைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஆசை. பயிற்றுநர்கள் கைவிட்டபின் முதலாளியே அவருக்குப் பழக்கிக்கொண்டிருந்தார்.

போன கார் சற்று நேரத்தில் திரும்பி வந்தது. ஆஸியா உம்மா இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார்.

"நீங்க போடுற சத்தத்துல கியர் எங்க ஈக்கிதெண்டே மறந்து போகுது! எனக்கு வாணாம் இந்தப் படிப்பு!"

யசோதா ஒரு கிளாஸ் தண்ணீரோடு வந்தாள். "உம்மா, நான் பக்கத்துல ஒக்காரவா? எங்கப்பா தோட்டத்து லொறி ஓட்டுனவரு. எனக்கும் லைசன் இருக்கு. முதலாளி பின்னால இருக்கட்டும்."

"அவர் வாயத் தொறக்கப்படாது," என்றார் ஆஸியா உம்மா.

முதலாளி முனகிக்கொண்டே பின்சீட்டில் ஏறினார்.

அஸ்கிரிய ஏற்றத்தில் கார் நின்றுபோனது. ஆஸியா உம்மா கிளப்பினார், மறுபடியும் நின்றது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. முதலாளி வாயைத் திறந்தார். கண்ணாடியில் ஆஸியா உம்மாவின் முறைப்பைக் கண்டதும் மூடிக்கொண்டார்.

"பஸ்காரருக்குத்தான் அவசரம். நமக்கு இல்ல," என்றாள் யசோதா. "ஹேண்ட் பிரேக் இழுத்துட்டீங்க, வண்டி எங்கயும் போகாது. கிளச்ச மெல்ல விடுங்க. லேசா நடுங்குதா? இப்ப பிரேக்க எறக்குங்க."

கார் உலுக்கிவிட்டு நின்றது. யசோதாவின் குரல் மாறவில்லை. அதே வார்த்தைகளை, அப்போதுதான் முதன்முறையாகச் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் கார் பெருமூச்சோடு மேலே ஏறியது.

"ஏறிட்டுது! புள்ள, ஏறிட்டுது!" ஆஸியா உம்மா போட்ட கூச்சலில் முதலாளி காதைப் பொத்திக்கொண்டார்.

அன்று பின்னேரம் முதலாளி யசோதாவைக் கூப்பிட்டார். "வேற எடம் பாக்க வாணாம். பயிற்றுநர் லைசனுக்கு நான் ஏற்பாடு செய்றேன். நீயே பழக்கு."

"அப்ப கணக்கு, முதலாளி?"

"அந்தப் பக்கம் மட்டும் வந்துடாத!"

யசோதா வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆஸியா உம்மா சாரதிச் சோதனையில் சித்தியடைந்து லைசன் எடுத்தார். அடுத்த வாரமே கணவரை முன்சீட்டில் இருத்திக்கொண்டு நிலையத்து வாசலில் வந்து நின்றார்.

"ஏறு புள்ள. பேராதனைக்குப் போய் வருவோம்."

யசோதா பின்னால் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தராமல், மகாவலி ஆற்றைப் பார்த்தபடியே போனாள்.