ஃப்ரிட்ஜ் காப்பாற்றிய ரொட்டி

1984-இல் செம்பூர் காலனியில் எங்கள் கட்டடத்துக்கு முதல் ஃப்ரிட்ஜ் வந்தது. வாங்கியவர் என் கணவர் வேங்கடசுப்ரமணியன். வந்த அன்றே மூன்று மாடியும் ஏறி இறங்கி, அதில் வைத்தால் ரொட்டி எட்டு நாள் புதுசாகவே இருக்கும் என்று சொல்லிவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

மாட்டுங்காவில் ஒரு இரானி பேக்கரி, பழைய மாவைக் கலந்து புளிக்கவைத்த கெட்டி ரொட்டியைச் சனிக்கிழமை மட்டும் போடும். எங்கள் கட்டடத்துக்கு அந்தப் புளிப்பு பிடித்துப்போயிற்று. ஐந்து வீட்டு ரொட்டியும் எங்கள் ஃப்ரிட்ஜுக்குள் போனது. திங்கட்கிழமை எடுத்தால் ஐந்தும் செங்கல். துணியில் சுற்றி வெளியே வைத்திருந்தால்கூட அவ்வளவு மோசமாகியிருக்காது. அவர் முகத்தைப் பார்த்தேன், பாவமாக இருந்தது. அங்கேதான் நான் ஏமாந்தேன்.

அன்றன்றைக்கு வேண்டிய துண்டுகளை ஈரக்கையால் தடவி, இரும்புச் சட்டியில் போட்டு, மூடி, சின்னத் தீயில் வைத்தால் மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஐந்து வீட்டுக்கும் முடிக்க ஏழாகிவிடும். அப்புறம் ஓடிப்போய் 7.40 லோக்கல் ரயிலைப் பிடித்து ஃபோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போக வேண்டும். ரொட்டி வாங்க வருகிறவர்கள் ஃப்ரிட்ஜைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது என் கைவேலை என்று அவர் ஒருமுறை, ஒரே ஒருமுறை ஒப்புக்கொண்டால் போதும் என்றிருந்தது.

"ஏன்னா, ரொட்டியை மெத்துனு பண்றது நான்னு சொல்லப்படாதா?"

"நீ சுடப் பண்றே, அவ்வளவுதானே? கெடாம வச்சிருக்கறது ஃப்ரிட்ஜ்."

ஒரு செவ்வாய்க்கிழமை பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன்.

புதன்கிழமை காலை மேல்மாடி பிரம்மநாயகம் ரொட்டிக்கு வந்தார். அவருக்குக் காட்டுவதற்காக என் கணவர் ஃப்ரிட்ஜைத் திறந்தார். விளக்கு எரியவில்லை. குனிந்து பிளக்கை எடுத்தார். இன்னொரு கையில் நான் அப்போதுதான் சட்டியிலிருந்து எடுத்த மெத்தென்ற ரொட்டித் துண்டு. இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பாத்தேளா, கரண்ட் இல்லாமலே காப்பாத்தியிருக்கு!"

"கம்பெனி பேரு என்ன சார்? எழுதிக்கிடுதேன்" என்றார் பிரம்மநாயகம். என் கணவர் பிளக்கை மறுபடி சொருகினார்.

மறுநாள் ஒரு துண்டையும் தொடாமல் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பினால், என் கணவர் ஆங்கிலத்தில் கம்பெனிக்குப் புகார் எழுதிக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லாதபோது நன்றாக உழைத்த இயந்திரம், கரண்ட் கொடுத்ததும் ரொட்டியைக் கல்லாக்கிவிட்டதாம்.

"நாளைக்கு ஆபீஸ்ல டைப் அடிச்சுண்டு வந்துடு" என்று நீட்டினார்.

அடித்தேன். அவர் எழுதியதில் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: மேற்படி ரொட்டியை நாள்தோறும் காலை ஆறு முதல் ஏழு வரை மிருதுவாக்கி வந்தவர் என் மனைவி ஷ்யாமளா, இயந்திரம் அல்ல.

அவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். கார்பன் காப்பி என்னிடம் இருக்கிறது.