தோள் உயரம்

அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்பக்கம் வலது மூலையில் அவள் தோளைக் கொடுக்கக் குனிந்தபோது நெட்டையன் உள்ளே வந்தான். நிலைப்படியில் தலையைத் தாழ்த்தி வந்தான். அந்த வாசலில் அப்பாவும் அப்படித்தான் தாழ்த்துவார், அவளும்.

முன்னால் சுமக்கிற இருவரும் ஒரே உயரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படியில் பெட்டி புரளும் என்று வண்டி ஓட்டுநர் சொல்லியிருந்தார். பின்னால் அவரும் அவருடைய ஆளும். அம்மா யாரையும் கேட்காமல் இவனுக்குப் போன் செய்துவிட்டாள்.

"உன் உயரத்துக்கு வேற யார் இருக்கா? சொல்லு, கூப்பிடறேன்," என்றாள் அம்மா.

சின்ன வயதில் அவளுக்கு அவன் நெட்டை மாமா. ரக்பி ஆட்டத்தில் இரண்டு அணிகளும் குனிந்து முட்டித் தள்ளும்போது, இரண்டாம் வரிசையில் அவனும் அப்பாவும் ஒருவர் சட்டையை ஒருவர் பற்றிப் பிணைந்து நிற்பார்கள். பிறகு இந்த நாட்டு அணி அப்பாவைக் கழற்றிவிட்டது. அவர் தன் தாய் பிறந்த நாட்டுக்கு ஆடப் போனார். எதிரணியாக இங்கே வந்து இறங்கிய முதல் ஆட்டத்திலேயே, அப்பா மோதியதில் நெட்டையனின் வலது காறை எலும்பு முறிந்தது. கட்டுப்போட்ட தோளோடு அவன் டிவியில் சொன்னான்: "மூணாவது நாடு சோறு போட்டா அங்கயும் போவான்."

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அன்றிலிருந்து 'மூணாவது நாடு' என்றே பெயர். அப்பா வீட்டில் அவன் பேச்சை எடுத்ததே இல்லை. அது கோபமா வெட்கமா என்று அவளுக்குத் தெரியாது. கோபம் என்றே வைத்துக்கொண்டாள். வளர வளர அதைத் தன்னுடையதாகவும் ஆக்கிக்கொண்டாள்.

"நான் அந்தப் பக்கம் வர்றேனே," என்றான் நெட்டையன். "வலது தோள்ல பாரம் ஆகாது எனக்கு."

"ஆகலைன்னா போங்க. யாரும் கையைப் பிடிச்சு இழுக்கல."

"உங்கப்பனுக்காக வரல. உங்கம்மா கேட்டா, வந்தேன்."

வலது தோளைக் கொடுக்க வேண்டிய இடது பக்கமே போய் நின்றான்.

தூக்கினார்கள். பெட்டிக்கடியில் அவன் கை நீண்டு வந்து அவள் தோள் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. அவளும் அவன் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. விரல் பட்ட இடத்தில் எலும்பு கோணலாகப் புடைத்திருந்தது. அப்பா உடைத்தது. வேண்டுமென்றே அங்கே அழுத்தினாள். அவன் மூச்சை இழுத்தான், பிடியை விடவில்லை.

இரண்டாவது படியில் அவன் தோள் நடுங்குவது அவள் கைக்குத் தெரிந்தது.

பாரம் தன் பக்கம் வரும்படி அவள் முழங்காலைச் சற்று மடக்கினாள்.

"உன் பக்கம் சாயுதும்மா," என்றார் பின்னாலிருந்து ஓட்டுநர்.

அவள் நிமிராமலே அடுத்த படியில் கால் வைத்தாள்.